தாடைக்குள் வைத்த உலோகத்தை உரைத்துப் பார்ப்பது எப்படி?



மேலநீலிதநல்லூர்ப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்குத் திடீரென்று மருத்துவச் செலவு வந்துவிட்டால், முதலில் கை போவது நகைக்குத்தான். சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறி, அடகுக் கடை மேசையில் இரண்டு வளையலைக் கழற்றி வைப்பார்கள். கடைக்காரர் அதைப் பார்த்தவுடன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. உரைகல்லில் தேய்ப்பார், ஒரு சொட்டு திராவகம் விடுவார், நிறம் பார்ப்பார், எடை போடுவார். அதற்குப் பிறகுதான் ரூபாயைப் பற்றிப் பேசுவார்.

அந்தப் பணத்தைக் கொண்டுபோய், விழுந்த பல்லுக்குப் பதிலாக ஒரு இம்ப்ளான்ட் வைத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். தாடை எலும்புக்குள் திருகப்படும் அந்தச் சிறு உலோகத் துண்டை உரைத்துப் பார்த்தது யார்? அடகு வைத்த வளையலை என்றாவது மீட்டுக்கொள்ளலாம். எலும்போடு ஒட்டிப்போன இம்ப்ளான்டை அப்படி எளிதாகக் கழற்ற முடியாது. பத்து, இருபது ஆண்டுகள் அது அங்கேயே இருக்கும். இருந்தும், நாம் வளையலுக்குக் கேட்கிற கேள்வியை இதற்குக் கேட்பதில்லை.

"வெளிநாட்டில் மிச்சமாகும் இம்ப்ளான்டுகள் கிடைத்தால் அனுப்பலாமா?" என்று அன்போடு கேட்பவர்கள் உண்டு. "சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன, ஏதாவது ஒரு மெஷினில் காட்டினால் தெரிந்துவிடாதா?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலைச் சற்று விளக்கமாகவே இந்தக் கட்டுரையில் எழுதுகிறோம்.

இம்ப்ளான்ட் என்பது என்ன?

பல் செட்டைக் கழற்றி மாட்டலாம். இம்ப்ளான்ட் அப்படிப்பட்டதல்ல, அது செயற்கைப் பல்வேர். சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனும் 10 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு திருகு என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதைத் தாடை எலும்பில் பதித்து, எலும்பு அதைப் பற்றிக்கொண்ட பிறகு அதன் மேல் கேப் பொருத்துவார்கள்.

இதற்கு வழி திறந்தவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பிரோனமார்க். 1952இல் முயல் எலும்பைப் பற்றி அவர் ஆராய்ச்சி செய்தபோது, எலும்பில் பொருத்தியிருந்த டைட்டானியக் கருவி எலும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதைத் தொல்லையாக எண்ணி விட்டுவிடாமல், அது ஏன் என்று கேட்டார். 1965இல் கோத்தன்பர்க் நகரில் முதல் மனிதருக்கு டைட்டானிய இம்ப்ளான்ட் வைத்தார். அந்த நோயாளி 2006இல் இறக்கும்வரை அவற்றைக் கொண்டே மென்று சாப்பிட்டார்.

டைட்டானியம் நமக்குத் தூரத்து உலோகமும் அல்ல. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தார். அதில் மோனசைட் என்னும் விலைமதிப்புள்ள கனிமம் இருப்பதைக் கண்டார். அப்படித்தான் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி உலகத்துக்குத் தெரியவந்தது. அதே மணலில் கருநிறமாக மின்னும் இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். கொல்லம் அருகே சவறாவில், டைட்டானிய உலோகத்தைப் பஞ்சு போன்ற வடிவில் எடுக்கும் ஆலை 2011இல் திறக்கப்பட்டது. கயிற்றில் ஒட்டிய ஒரு பிடி மணலை ஒருவர் முறையாகச் சோதித்ததால் வந்த பலனைப் பாருங்கள்!

டைட்டானியத்தில் எத்தனை வகை!

தங்கத்தில் 22 காரட், 18 காரட் என்று இருப்பதுபோல டைட்டானியத்திலும் வகைகள் உண்டு. வேறு உலோகம் கலக்காத டைட்டானியத்தை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றுக்குள் முக்கியமான வேறுபாடு ஆக்சிஜன். முதல் வகையில் அது 0.18 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டாம் வகையில் 0.25, மூன்றாம் வகையில் 0.35, நான்காம் வகையில் 0.40 சதவீதம் வரை இருக்கலாம்.

இந்தச் சிறு வித்தியாசத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். முதல் வகைக்கும் நான்காம் வகைக்கும் உள்ள இடைவெளி, ஒரு கிலோவுக்கு 2.2 கிராம் ஆக்சிஜன் மட்டுமே. ஆனால் நிரந்தரமாக வளைந்துபோகாமல் தாங்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தம் முதல் வகைக்கு 170 மெகாபாஸ்கல், நான்காம் வகைக்கு 483 மெகாபாஸ்கல். கிட்டத்தட்ட மூன்று மடங்கு! கடைவாய்ப் பல்லில் நாளெல்லாம் விழும் பாரத்தை, உள்ளே துளையிட்டு மெல்லிய சுவராக இருக்கும் ஒரு திருகு தாங்க வேண்டும். நான்காம் வகை என்று சொல்லி முதல் வகையைக் கொடுத்துவிட்டால், அது வளையவோ முறியவோ கூடும். முறிந்த துண்டை எலும்பிலிருந்து எடுப்பது நோயாளிக்கு இன்னொரு அறுவைச் சிகிச்சை.

ஐந்தாவதாக ஒரு வகை உண்டு. அதில் சுமார் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்திருக்கும். இது இன்னும் உறுதியானது. எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட்டுகளிலும் பயன்படுகிறது. கெட்டது என்று அதைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் வனேடியம் உடலுக்குள் கசிவதைப் பற்றி மருத்துவர்களுக்குத் தயக்கம் இருந்ததால்தான், அதற்குப் பதிலாக நியோபியம் கலந்த உலோகத்தையும் உருவாக்கினார்கள். ஆகவே எந்த வகை என்பதை மருத்துவர் அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியில் ஒன்றை எழுதி உள்ளே வேறொன்றை வைப்பதுதான் தவறு.

இன்னொரு செய்தி. ஹைட்ரஜன் 0.015 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அதாவது பத்துக் கிலோவில் ஒன்றரை கிராம்! அது கூடினால் டைட்டானியம் நொறுங்கும் தன்மை அடைகிறது. இத்தனை நுட்பமான அளவுகளைக் கண்ணாலோ எடையாலோ கண்டுபிடிக்க முடியாது.

துப்பாக்கிக் கருவிக்குத் தெரியாதவை

இப்போது நகைக் கடைகளிலும் ஹால்மார்க் மையங்களிலும் ஒரு எக்ஸ்-ரே கருவியைப் பார்க்கிறோம். நகையை உள்ளே வைத்தால் சற்று நேரத்தில் தங்கம் இத்தனை, செம்பு இத்தனை என்று காட்டிவிடும். கையில் பிடிக்கும் துப்பாக்கி வடிவிலும் இது உண்டு. எக்ஸ்-ரே பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒரு கதிரைத் திருப்பி வீசுகிறது. கருவி அதைப் பிடித்து எண்ணுகிறது.

இதைக் கொண்டே இம்ப்ளான்டைச் சோதித்தால் என்ன? மூன்று இடையூறுகள் வருகின்றன.

முதலாவது, இலேசான தனிமங்கள் வீசும் கதிர் மிகவும் பலவீனமானது. கருவிக்குள் வந்து சேருமுன் காற்றே அதை விழுங்கிவிடுகிறது. கைக்கருவிக்கு ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் தெரியாது. ஹைட்ரஜனோ இந்த முறைக்கே அகப்படாது. எனவே நான்கு வகைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினாலும், "டைட்டானியம்" என்று ஒரே பதிலைத்தான் சொல்லும். எதை வைத்து வகை பிரிக்கிறோமோ, அது அதன் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

இரண்டாவது, கதிர்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். டைட்டானியம் வீசும் இரண்டாவது கதிர் 4.93 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் விழுகிறது. வனேடியத்தின் முதல் கதிர் 4.95இல் விழுகிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அனுபவமில்லாதவர் கையில், கலப்பே இல்லாத டைட்டானியத்திலும் வனேடியம் இருப்பதாகக் காட்டலாம்; உண்மையில் இருக்கும் அளவையும் கூட்டியோ குறைத்தோ காட்டலாம்.

மூன்றாவது, மேற்பரப்பு. தங்க முலாம் பூசிய பித்தளையை எக்ஸ்-ரே கருவி தங்கம் என்று மயங்குவதுண்டு. இம்ப்ளான்டில் இது வேறு விதமாக நடக்கிறது. எலும்பு பற்றிக்கொள்வதற்காக இம்ப்ளான்டின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள். அதற்கு அலுமினிய ஆக்சைடு துகள்களை வேகமாக வீசியடிப்பது ஒரு முறை. பிறகு அமிலத்தில் கழுவுவார்கள். அப்படியும் சில துகள்கள் பதிந்து நின்றுவிடும். அமிலமோ மேற்பரப்பில் கொஞ்சம் ஹைட்ரஜனை விட்டுப்போகும். டைட்டானியமும் காற்றில் பட்ட கணமே தன்மேல் ஆக்சைடு தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. பெரிய ஆய்வகங்களில் உள்ள எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைந்த கருவிகூட, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆழம்தான் பார்க்கும். அங்கே அலுமினியத்தைக் கண்டு, "இது கலப்பு உலோகம்" என்று ஒருவர் எழுதிவிட்டால், நல்ல பொருளைக் கெட்டதென்று தள்ளியவர் ஆவார்.

கேப் வார்க்கும் நிக்கல்-குரோமியம் உலோகத்திலும் இதே ஆபத்து உண்டு. வார்ப்பு எளிதாக இருக்கட்டும் என்று சில பழைய வகைகளில் பெரிலியம் சேர்த்தார்கள். அதைத் தேய்க்கும்போது பறக்கும் தூசி, பல் லேபில் வேலை செய்பவரின் நுரையீரலைக் கெடுக்கும். சர்வதேசத் தரவிதி பெரிலியத்தையும் காட்மியத்தையும் 0.02 சதவீதத்துக்குள் நிறுத்தியிருக்கிறது. ஆனால் பெரிலியம் ஆக்சிஜனைவிட இலேசான தனிமம். துப்பாக்கிக் கருவி அதையும் காணாது. அந்தத் தொழிலாளி பத்திரமாக இருக்க வேண்டுமானால் வேறு சோதனை தேவை.

அப்படியானால் எது நம்பகமான வழி?

தங்கத்தில் கருவியின் பேச்சை இறுதியாக யாரும் ஏற்பதில்லை. சந்தேகம் வந்தால் நகையிலிருந்து ஒரு துளி வெட்டி, நெருப்பில் புடமிட்டு, மிஞ்சிய தங்கத்தை நிறுத்துப் பார்ப்பார்கள். புடமிடுதல் என்ற சொல் நம் சபைகளில் அறியாதவர் இல்லை. டைட்டானியத்துக்கும் அப்படி ஒரு புடம் உண்டு.

சுமார் 0.1 கிராம் துண்டை வெட்டி, மேற்பரப்பை அகற்றி, நன்றாகச் சுத்தம் செய்து, கார்பன் மூசையில் போட்டு, ஹீலியம் வாயுவின் நடுவே 2,000 டிகிரிக்கும் மேல் சூடாக்குகிறார்கள். உலோகம் உருகும்போது உள்ளே ஒளிந்திருந்த ஆக்சிஜன் மூசையின் கார்பனோடு சேர்ந்து வாயுவாக வெளியேறும். அந்த வாயு அகச்சிவப்பு ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து அளவைக் கணக்கிடுகிறார்கள். நைட்ரஜனும் இதே ஓட்டத்தில் வெளிவரும். ஹைட்ரஜனுக்குத் தனித் துண்டு வேண்டும்.

அலுமினியம், வனேடியம், இரும்பு, பெரிலியம் ஆகியவற்றுக்கு வேறு வழி. துண்டை அமிலத்தில் கரைத்து, பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மாச் சுடருக்குள் தூவுகிறார்கள். ஒவ்வொரு தனிமமும் தன் நிறத்தில் ஒளிவிடும். ஒளியின் பலத்தைக் கொண்டு அளவு தெரியும். டைட்டானியத்தைக் கரைக்கப் பெரும்பாலும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் தேவைப்படுகிறது. அது கண்ணாடியையே அரிக்கும். தோலில் பட்டால் எலும்புவரை ஊடுருவும். ஆகவே இது பயிற்சி பெற்றவர்கள், உரிய வசதியுள்ள ஆய்வகத்தில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. ஒரு மருத்துவமனை தன் பின்கட்டில் செய்து பார்க்கக்கூடியது அல்ல.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? இம்ப்ளான்டின் முழு எடையே அரை கிராம் அளவுதான். ஒழுங்காகச் சோதித்தால் அது சோதனையிலேயே தீர்ந்துபோகும். சோதித்த இம்ப்ளான்டை யாருக்கும் வைக்க முடியாது. வைக்கப்போகும் இம்ப்ளான்டைச் சோதிக்க முடியாது. பிறகு எப்படி நம்புவது?

நம் பாட்டிமார் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஒரே உலோகக் கம்பியிலிருந்து, ஒரே தொடராகச் செய்த இம்ப்ளான்டுகளுக்கு ஒரே லாட் எண் கொடுப்பார்கள். அந்த லாட்டிலிருந்து இரண்டு மூன்றை எடுத்து அழித்துச் சோதித்தால், மற்றவற்றைப் பற்றியும் சொல்ல முடியும். ஆனால் அந்தப் பழமொழி ஒரே பானைக்குத்தான் செல்லும். பத்துப் பானையிலிருந்து ஒவ்வொரு பருக்கை எடுத்துக் கலந்து வைத்தால், எந்தப் பருக்கையும் எதற்கும் சாட்சி சொல்லாது. லாட் எண் தெரியாத இருபது இம்ப்ளான்டுகள் ஒரு பெட்டியில் வந்தால் நம் நிலை இதுதான்.

எடைக்கல்லுக்கும் முத்திரை வேண்டும்

கருவி நல்லதாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. மளிகைக் கடைத் தராசை அரசாங்கம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை முத்திரையிட்ட எடைக்கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதேபோல் ஆய்வகத்துக்கும் ஒரு எடைக்கல் உண்டு. உள்ளே என்னென்ன எவ்வளவு என்று பல முறைகளில் சோதித்து உறுதி செய்து, சான்றிதழோடு விற்கப்படும் உலோகத் துண்டு அது. அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் டைட்டானியக் கலப்பு உலோகத்துக்கு இப்படி ஒரு மாதிரியை வைத்திருக்கிறது. நம் நாட்டில் புது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இத்தகைய மாதிரிகளுக்கு உறுதியளிக்கிறது. பொருள்களின் உட்கூறுகளைக் கண்டறிவதற்கென்றே ஐதராபாத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஒரு பிரிவு இயங்குகிறது. மிகத் தூய தங்கத்துக்கு இந்திய மாதிரி ஒன்றை உருவாக்கியதில் இவ்விரண்டுக்கும் பங்குண்டு.

நல்ல ஆய்வகம் நம் துண்டைச் சோதிக்கும் அன்றே, தெரிந்த மாதிரியையும் சோதிக்கும். மாதிரிக்குச் சரியான விடை வந்தால்தான் நமக்குக் கொடுக்கும் விடைக்கு மதிப்பு. வெறும் மூசையையும் சூடாக்கி, அதிலிருந்து வரும் ஆக்சிஜனைக் கழிக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை செய்து பார்க்கும். கடைசியில் "0.38" என்று மட்டும் எழுதாமல், "0.38, கூடக்குறைய 0.01" என்று எழுதும். இது மிகவும் அவசியம். எல்லை 0.40 என்றால், இந்த விடையை ஏற்கலாம். "0.39, கூடக்குறைய 0.03" என்று வந்தால், அது எல்லைக்குள்ளா வெளியிலா என்று யாரும் சொல்ல முடியாது. தன் விடை எவ்வளவு தள்ளிப்போகக்கூடும் என்பதை ஒளிக்காமல் சொல்லும் ஆய்வகமே நேர்மையான ஆய்வகம்.

ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் தேசிய வாரியம் இந்தியாவில் உண்டு. ஆனால் "அங்கீகாரம் பெற்றது" என்ற பலகை மட்டும் போதாது. எந்தெந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்று ஒரு பட்டியல் இருக்கும். குடிநீருக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம், டைட்டானியத்தில் ஆக்சிஜன் அளக்க அங்கீகாரம் பெற்றதாகாது. பட்டியலைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

காகிதம் மட்டும் இருந்தால்?

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். சான்றிதழ் இருந்தால் எல்லாம் சரி என்றும் எண்ணக்கூடாது. பிரான்ஸ் நாட்டில் பி.ஐ.பி. என்ற கம்பெனி மார்பகத்தில் பொருத்தும் சிலிகான் இம்ப்ளான்டுகளைச் செய்தது. ஐரோப்பியத் தர முத்திரை அவற்றுக்கு இருந்தது. 2010இல் அதிகாரிகள் கண்டுபிடித்தது என்ன? அனுமதி பெற்ற மருத்துவ சிலிகானுக்குப் பதிலாக, மலிவான தொழிற்சாலை சிலிகானை நிரப்பியிருந்தார்கள். உலகெங்கும் ஏறக்குறைய 3 லட்சம் பெண்கள் அவற்றைச் சரீரத்தில் சுமந்தார்கள். கம்பெனியின் நிறுவனருக்கு 2013இல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தாள்கள் ஒழுங்காக இருந்தன. உள்ளே இருந்த பொருளை உரைத்துப் பார்க்காததே குறை.

ஆகவே காகிதமும் வேண்டும், சோதனையும் வேண்டும். எந்த லாட், எந்தப் பானை என்பதைக் காகிதம் சொல்லும். அந்தப் பானையில் என்ன இருக்கிறது என்பதைச் சோதனை சொல்லும். ஒன்றில்லாமல் மற்றதற்குப் பிரயோஜனம் இல்லை. இந்தியாவிலும் மருத்துவச் சாதன விதிகள் 2017இல் வெளியாகி, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன.

நீங்கள் செய்யக்கூடியது

அயல்நாட்டிலுள்ள உங்கள் பிள்ளைகளோ நண்பர்களோ இம்ப்ளான்ட் அனுப்ப விரும்பினால், முதலில் கடிதம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். அனுப்பும் முன் நான்கு காரியங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: உறை பிரிக்கப்படாமல் இருக்கிறதா, லாட் எண்ணும் காலாவதித் தேதியும் தெளிவாகத் தெரிகிறதா, அந்த லாட்டுக்கு உற்பத்தியாளர் தந்த உலோகச் சான்றிதழ் கிடைக்குமா, எல்லாம் ஒரே லாட்டைச் சேர்ந்தவையா. உறை பிரிந்த, பெயர் அழிந்த இருபதைவிட, விவரம் தெரிந்த இரண்டு மேல்.

உங்களில் யாராவது எங்கேயாவது இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டிருந்தால், உறையில் உரித்தெடுக்கும்படி ஒட்டியிருக்கும் சிறு சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி, வகை, லாட் எண் அதில் இருக்கும். நிலப் பத்திரத்தோடு அதையும் பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் அந்த லாட்டைப் பற்றி ஏதாவது தெரியவந்தால், உங்களைத் தேடிப்பிடிக்க உதவுவது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. கணக்கில் "பொருள் சோதனைக் கட்டணம்" என்று ஒரு வரி வந்தால், அது வீண் செலவு என்று நினைத்துவிடாதீர்கள். கட்டிலும் மருந்தும் கண்ணுக்குத் தெரியும். சோதனைக்குக் கொடுத்த காணிக்கை வெட்டி உருக்கிய உலோகமாகவும் ஒரு தாளாகவும் மட்டுமே மிஞ்சும். ஆனால் அந்தத் தாள் இருப்பதால்தான், வளையலை அடகு வைத்து வந்த ஒருவரிடம் "இது இன்ன உலோகம், நாங்கள் பார்த்துவிட்டோம்" என்று மருத்துவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியும். அடகுக் கடைக்காரர் அவருடைய வளையலுக்குக் காட்டிய அக்கறையில் குறையாத அக்கறையை, அவருடைய தாடைக்கு நாம் காட்ட வேண்டாமா?